எண்ணெய்க் கைக்கு ஒரு சிலேட்டு

கடைக்குள் நுழைந்து உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்தேன். மூடியைத் திருகி, வலது கைக் கட்டைவிரலிலும் அதற்கடுத்த விரல்களிலும் நன்றாகத் தடவிக்கொண்டேன். பிறகு கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த விற்பனையாளரிடம் கையை நீட்டினேன்.

"இப்ப ஒவ்வொண்ணா கொடுங்க."

அவர் பெயர் சுபீர் என்று சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது. என் விரல்களைப் பார்த்தார். மேஜைமேல் எனக்காகப் பரப்பி வைத்திருந்த கருவிகளைப் பார்த்தார். முதலாளி உட்கார்ந்திருந்த மூலையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"தீதி, இதெல்லாம் காட்சிக்கு வச்சிருக்கிறது…"

"தெரியும். என் கை நாள் முழுக்க இப்படித்தான் இருக்கும். இந்தக் கைக்கு எது ஒத்துவருதோ அதைத்தான் வாங்குவேன். துடைக்கத் துணியும் கொண்டு வந்திருக்கேன், பயப்படாதீங்க."

நாங்கள் பேசியது வங்காள மொழியில். வாசகர்களுக்காகத் தமிழாக்கித் தருகிறேன். 'தீதி'யை மட்டும் 'அக்கா' ஆக்கவில்லை. இந்த ஊர் என்னை அப்படித்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்த்தது.

சாந்தினிக் கடைத்தெருப் பக்கத்தில் அந்தக் கடை. வெளியே பருப்பு வடை பொரியும் புகை, கொட்டித் தீர்த்த மழையின் ஈரம். உள்ளே குளிர்சாதனத்தின் பிளாஸ்டிக் வாசனை. சுபீர் ஒரு பெருமூச்சு விட்டு, முதல் கருவியை என் எண்ணெய்க் கையில் வைத்தார்.

தண்ணீரில் ஊறிய வாரம்

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பிசியோதெரபிஸ்ட். மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது பல வருடங்களாக வீடு வீடாகப் போகிறேன். பக்கவாதம் வந்தவர்கள், முழங்கால் மாற்றியவர்கள், குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டவர்கள். காலையில் லேக் கார்டன்ஸ், மதியம் பவானிபூர், சில நாள் சாயங்காலம் நியூ டவுன் அடுக்குமாடிகள்.

யார் வீட்டுக்கு எப்போது என்பதெல்லாம் ஒரு தடித்த டைரியில் இருந்தது. ஊரே கொண்டாடும் பூஜைக்கு முந்தைய வாரங்களில் அந்த டைரியைப் பார்த்தால் போர்க்களம் மாதிரி இருக்கும். ஒரு குடும்பம் பூரி கடற்கரைக்குப் போகும். இன்னொரு வீட்டுக்கு பெங்களூரிலிருந்து மகன் வருவான். பந்தலுக்கு மூங்கில் நட்டுத் தெருவை அடைத்துவிடுவார்கள், நான் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். எல்லோருக்கும் நேரம் மாறும்.

அப்படி ஒரு வாரத்தில்தான் பவானிபூரில் முழங்கால் அளவு மழைத் தண்ணீர். ஆட்டோவிலிருந்து இறங்கினேன், பையின் வார் அறுந்தது. பையைப் பிடித்துவிட்டேன். டைரி மட்டும் நழுவி, மிதந்து, ஒரு கடைப்படியில் முட்டி நின்றது. எடுத்தபோது டீயில் நனைத்த ரொட்டி மாதிரி கையோடு வந்தது. ஜெல் பேனா மை முழுக்க நீலமாகக் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

அழவில்லை. அன்றைக்கு மிச்சமிருந்த வீடுகளுக்கு ஈரச் சேலையோடேயே போய் வேலையை முடித்தேன். வீட்டுக்கு வந்து டீ போட்டுக்கொண்டு, வெள்ளைத்தாளில் அந்த வாரத்தை முழுசாகத் திரும்ப எழுதினேன். மனிதர்களைப் பெயரால் நினைத்தால் மறந்துபோகும், மூட்டால் நினைத்தால் மறக்காது. திங்கள் காலை உறைந்த தோள். அதற்கப்புறம் இடது கணுக்கால், மாடியில், லிப்ட் இல்லை. செவ்வாய் புது முழங்கால், வெங்காயம் வதங்கும் வீடு. இப்படியே போனேன். அந்த வாரம் ஒரு வீடுகூடத் தவறவில்லை.

என் மகள் மாலினி நியூ டவுனில் ஒரு கணினி நிறுவனத்தில் இருக்கிறாள். வங்காள மொழிதான் அவளுக்கு முதலில் வாயில் வரும், தமிழ் பின்னால் ஓடி வரும். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு அலுத்துக்கொண்டாள்.

"மா, ஃபோன்ல கேலண்டர் இருக்கு தோ! எதுக்கு இந்த ஜாமேலா?" ஜாமேலா என்றால் தொல்லை.

"ஃபோன் சரிப்படாது."

"அப்போ திரும்ப டைரியா?"

"டைரியும் இல்ல. வேற பார்க்கப் போறேன்."

அப்போதே முடிவு செய்துவிட்டேன். நினைவு கைகொடுத்தது உண்மை. ஆனால் கைகொடுக்கும்போதே மாற்று ஏற்பாடு செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். கால் நன்றாக இருக்கும்போதே கைத்தடி பழகச் சொல்கிறவள் நான். என் நோயாளிகளுக்குச் சொல்வதை எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

ஏன் போன் வேண்டாம்

பவானிபூரில் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை ஒருவருக்கு இடுப்பு எலும்பு முறிவு. முன்பு ஒரு முறை, அவர் காலைத் தூக்கிப் பிடித்திருந்தபோது, முட்டி எவ்வளவு மடங்குகிறது என்பதைப் போனில் குறித்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க ஃபோன் வேலைய முடிச்சுட்டு வாங்க. நான் காத்திருக்கேன். எனக்கு வேற வேலை இல்ல."

"உங்களைப் பத்தித்தான் எழுதுறேன், மாஷிமா." பெரியம்மா என்கிற மாதிரி, வயதான பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

"வகுப்புல பெஞ்சுக்கு அடியில ஃபோன் வச்சிருந்தவங்களும் இதையேதான் சொன்னாங்க."

அவர் சொன்னது நியாயம். படுத்துக் கிடப்பவர் கண்ணுக்குக் காகிதத்தில் எழுதினால் அக்கறை. போனைத் தட்டினால் அலட்சியம். நான் தட்டுவது அவருடைய முட்டியைப் பற்றியா, மீன் விலையைப் பற்றியா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதோடு போன் அடிக்கும், ஒளிரும், நடுங்கும். பக்கவாதம் வந்தவர் முதல் முறையாக ஒற்றைக் காலில் நிற்க முயலும்போது யாரோ 'காலை வணக்கம்' படம் அனுப்புவார்கள். எண்ணெய் விரல் பட்டால் திரை தன் இஷ்டத்துக்குத் தாவும். ஒரு முறை அது தானாகவே என் சம்பந்திக்கு அழைப்பு போட்டுவிட்டது.

டைரி மாதம்

சென்ற வாரம் அப்பாவின் வங்கி வேலையைப் பற்றி எழுதியிருந்தேன். ஒன்றை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் வருடக் கடைசி என்பது டைரி மாதம்.

அப்பாவுக்குக் கம்பெனிகள் டைரி கொடுக்கும். சிவப்பு அட்டை, கறுப்பு அட்டை, ஓரத்தில் பொன் பூசியது. அலுவலகத்திலிருந்து வந்ததும் கட்டில்மேல் பரப்பி வைத்துத் தரம் பிரிப்பார். கீழ்வீட்டு வங்காளிக் குடும்பத்துக்கு ஒன்று, மருந்துக்கடைக்காரருக்கு ஒன்று, என் பள்ளி ஆசிரியைக்கு ஒன்று.

"ஏட்டி, அந்த நல்லத மேஜ மேல வச்சிராத. எவனாவது பார்த்துட்டுக் கேட்டுருவான்," என்பார்.

அந்த நல்லதை அவரும் எழுதமாட்டார், எங்களையும் எழுதவிடமாட்டார். அது அலமாரியில் பத்திரமாக இருந்து அடுத்த வருடம் பழசாகும். காகிதத்தின்மேல் எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு மரியாதை. புதுப் பக்கத்தில் முதல் எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டால் அந்த வருடமே கெட்டுப்போன மாதிரி இருக்கும் எனக்கு.

அந்த மரியாதை என்னிடம் ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போனபிறகு உதிர்ந்தது. எண்ணெய்க்கறை, பென்சில், மஞ்சள் பொடி என்று என் டைரிகள் சமையலறைத் துணி மாதிரி ஆயின. உழைக்கிற பொருள் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நின்றபடி, ஒற்றைக் கையால்

கடைக்குத் திரும்புகிறேன்.

சுபீர் முதலில் கொடுத்தது பளபளக்கும் டேப்லெட். "இதுல எல்லாம் பார்க்கலாம் தீதி. சீரியல், விளையாட்டு, வீடியோ கால்."

"எனக்கு வேண்டியது எதுவும் அந்த வரிசையில வரலையே."

நாள்காட்டியைத் திறக்கச் சொல்லி எண்ணெய் விரலால் தொட்டேன். பக்கம் வழுக்கிக்கொண்டு அடுத்த வருடத்துக்குப் போனது. வேண்டாம் என்று வைத்தேன்.

அடுத்தது இன்னும் பெரிசு. எழுந்து நின்று, அதை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையை சுபீரின் முழங்கைக்குக் கீழே கொடுத்தேன். அவர் திகைத்துப் போனார்.

"அசையாதீங்க. நீங்க இப்ப நோயாளி. என் வலது கை உங்களைத் தாங்கிட்டிருக்கு. நான் ஒரு கையால இதைப் பிடிக்கணும்."

மணிக்கட்டு வலித்தது. அதையும் வைத்தேன்.

முதலாளி எழுந்து வந்துவிட்டார். துரத்தத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்தவர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டு, "இந்தப் பக்கம் ஒரு பிடிப்பு, ரெண்டு வாரமா…" என்றார். தலையணையை மாற்றச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தக் கடையில் எனக்குக் கிடைத்த மரியாதையே வேறு.

கடைசியில் சுபீர் ஒரு கீழ் இழுப்பறையைத் திறந்து, அதிகம் விற்காத ஒன்றை எடுத்தார். பாதி நோட்டுப் புத்தக அளவு. காகிதம் மாதிரி மங்கலான வெள்ளைத் திரை. கூடவே ஒரு பேனா. பாட்டு இல்லை, படம் இல்லை, அழைப்பு இல்லை. எழுதலாம், படிக்கலாம், அவ்வளவுதான். பார்த்ததும் எனக்குத் தோன்றிய சொல் சிலேட்டு. அதன் பெட்டியில் வேறு நீளமான பெயர் போட்டிருந்தது. நான் இன்றுவரை சிலேட்டு என்றே சொல்கிறேன்.

எண்ணெய் விரலால் அழுத்தித் தேய்த்தேன். அது அசையவில்லை.

"விரல் பட்டா அசையாதபடி நிறுத்தி வச்சுடலாம், தீதி. பேனாவுக்கு மட்டும்தான் அசையும்," என்றார் சுபீர்.

எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. வெளியே போய் வெளிச்சத்தில் பார்த்தேன், எழுத்து தெரிந்தது. மேஜைக்கு அடியில் குனிந்து இருட்டில் பார்த்தேன். கொசுவலைக்குள் படுத்திருக்கும் நோயாளிகள் எனக்கு உண்டே. மெல்லிய ஒரு வெளிச்சம் தானாக வந்தது. எழுதுவதன் நகல் வீட்டுக் கணினிக்கும் போய்விடும் என்றார். அப்படியானால் இது தண்ணீரில் விழுந்தாலும் வாரம் பிழைக்கும்.

ஒன்றுதான் பிடிக்கவில்லை. பேனாவின் பின்முனையால் தேய்த்தால் எழுத்து சுத்தமாக மறைந்தது.

"அடிச்ச கோடுகூட மிஞ்சாதா?"

"மிஞ்சாது. அதுதானே வசதி?"

"வசதி இல்ல, குறை. யாரு எத்தனை தடவை நேரம் மாத்தினாங்கன்னு அடிச்ச கோட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்."

 குறையோடேயே வாங்கிக்கொண்டு வந்தேன். குறையில்லாதது வேண்டுமென்றால் கடையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சுவர்ப் பக்கம் திரும்பிய முகம்

பேராசிரியை சிலேட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, "இதுல ஃபோன் வராது, இல்லையா?" என்று உறுதி செய்துகொண்டு காலை நீட்டினார். மற்ற வீடுகளிலும் தொல்லை இல்லை. லேக் கார்டன்ஸில்தான் முட்டிக்கொண்டது.

அங்கே இராமநாதன் சார், அவர் மனைவி பார்வதி மாமி. சார் ரயில்வேயின் வரைபட அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டுக் கூடத்தில் அவர் வரைந்த பாலம் ஒன்று சட்டம் போட்டுத் தொங்குகிறது. பாலத்தைவிட அதன் கீழே அவர் எழுதியிருக்கும் எழுத்துதான் என்னை நிறுத்தும். அச்சில் வார்த்தது போல இருக்கும்.

பக்கவாதத்தில் அவருக்கு வலது பக்கம் போயிற்று. கால் ஓரளவு திரும்பியது, கை திரும்பவில்லை. மற்றவர்கள் சொல்வது எல்லாம் புரியும். வாயில் வருவது 'ஆமாம்', 'இல்லை' மட்டும். இடது கையால் எழுதப் பழக்கலாம் என்று ஆரம்பத்தில் ஒரு நோட்டைக் கொடுத்தேன். ஒரு வரி எழுதினார். கோணலாக இழுத்துக்கொண்டு போன அந்த வரியைச் சற்று நேரம் பார்த்தார். தாளைக் கிழித்து, ஒற்றைக் கையால் கசக்கி, கட்டிலுக்குக் கீழே போட்டார். அதன்பிறகு அந்த வீட்டில் பேனாவை நீட்டினாலே கையை விலக்கிவிடுவார்.

சிலேட்டோடு நான் போன முதல் நாள், அதைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதே வசந்தா," என்றார் மாமி. "நீயும் எல்லாரையும் போல ஃபோனை நோண்டிண்டே வந்துட்டேன்னு நெனச்சுண்டுட்டார்."

நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன். சிலேட்டைப் படுக்கையில் அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்து, அடுத்த வரவுக்கான கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன். என் கையெழுத்து மகா மோசம். 'ம்ச்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவர்தான்.

"நல்லா இல்லையா சார்? சரி, வேற எழுதுறேன்."

பேனாவைத் திருப்பித் தேய்த்தேன். பெயர் மறைந்தது. மறுபடி எழுதினேன், அது இன்னும் மோசமாக வந்தது. அதையும் தேய்த்தேன்.

இப்போது அவர் முகம் முழுசாக என் பக்கம் வந்துவிட்டது. வெறுமையாக இருந்த கட்டத்தைக் கண் எடுக்காமல் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார்.

 பேனாவைக் கொடுத்தேன்.

எழுத்து எதுவும் எழுதவில்லை அவர். ஒரு கோடு போட்டார். அது நடுங்கி வளைந்தது. பேனாவைப் போர்வையில் ஊன்றி, விரல்களுக்குள்ளேயே உருட்டித் திருப்பி, பின்முனையால் தேய்த்தார். கோடு போயிற்று, யாரும் பார்க்கவில்லை என்பது போல. மறுபடி ஒன்று. அதுவும் போயிற்று. அந்த விரல் உருட்டலைச் செய்யவைக்க நான் எத்தனையோ மாதம் பந்தையும் காசையும் கொடுத்துப் பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

சிலேட்டின் குறை என்று நான் நினைத்ததுதான் அவருக்கு வேண்டியிருந்தது. கோணல் கோடு கொஞ்ச நேரம்கூட உலகத்தில் இருக்கக் கூடாது அவருக்கு. வாழ்நாள் முழுக்க நேர்க்கோடு போட்ட மனிதர்.

அடுத்த வீட்டுக்குப் போன் செய்து தாமதமாகும் என்றேன். மாமி காபியோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கோடு நேராக வர வெகுநேரம் ஆயிற்று. வந்ததும் அதை அழிக்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாம் சார், நேரா இருக்கு," என்றேன். "ஆனா இனி என் சிலேட்டு எனக்கு வேணும். நான் பவானிபூர் போகணும்."

அந்த வார இறுதிக்குள் அதே கடையில் அவருக்கு ஒன்று வாங்கிவிட்டார்கள். மாமி என்னிடம் புகார் சொன்னார்: "கார்த்தால காபிகூடக் குடிக்காம ஆரம்பிச்சுடறார். கூப்பிட்டா திரும்பறதில்லே. ஆபீஸ் போயிண்டிருந்தப்போ இருந்த மாதிரியே!"

புகார் மாதிரியே இல்லை அது.

கட்டைவிரல்

குளிர் தொடங்கியபோது, ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் மாதம் வந்தது. நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு வங்கியிலிருந்து ஆளே வருவார். முந்தைய வருடம் வந்தவர் சாரின் இடது கட்டைவிரலை மையில் ஒற்றித் தாளில் அழுத்தியிருக்கிறார். மாமி அதை இப்போதுதான் என்னிடம் சொன்னார்.

"அன்னிக்கு அவர் சாப்பிடலே, வசந்தா. மை போகலேன்னு வெரலைத் தேய்ச்சிண்டே இருந்தார். இந்தத் தடவை நீயும் இருக்கயா?"

அந்த நேரத்தைச் சிலேட்டில் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுக் குறித்தேன்.

வந்தவர் ஓர் இளம் வங்காளி அதிகாரி. பணிவாகப் பேசினார். "மேஷோமொஷாய், எப்படி இருக்கீங்க?" என்று, பெரியப்பாவைக் கேட்பது போல விசாரித்துவிட்டு மை டப்பாவை எடுத்தார். சார் இடது கையால் அதை மெல்லத் தள்ளினார். அதிகாரி மறுபடி நகர்த்தினார். சார் மறுபடி தள்ளினார்.

"அவர் கையெழுத்துப் போடுவார்," என்றேன்.

அதிகாரி தயங்கினார். "எங்க பதிவுல ரேகைதான் இருக்கு, தீதி. கையெழுத்துன்னா புது மாதிரி எடுக்கணும். ஒண்ணு போதாது, மூணு வேணும். மூணும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

"தாள எடுங்க."

எனக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் தாளைப் பார்த்ததும் சாரின் கை நின்றதைப் பார்த்தேன். வெள்ளைக் காகிதம், மைப்பேனா. இங்கே பின்முனையால் தேய்க்க முடியாது. மாமி கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே தெருவில் யாரோ பழைய சாமான் கேட்டுக் கூவிக்கொண்டு போனார்.

சார் பேனாவைத் தாளில் வைத்தார். முதலெழுத்து பெரிதாக, நிதானமாக வந்தது. பிறகு மற்றவை. அவருடைய பழைய எழுத்து இல்லை இது. வலப்பக்கம் சாய்ந்தது அது. இது நிமிர்ந்து நின்றது. ஒவ்வொரு எழுத்தும் மற்றதைத் தொடாமல், வரைபடத்தில் தூண் நிறுத்துவது போல.

இரண்டாவது முதலாவதைப் போலவே இருந்தது. அதிகாரி குனிந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, புருவத்தை உயர்த்தினார்.

மூன்றாவதில் கடைசி எழுத்தின் வால் சற்றே நடுங்கிவிட்டது. மயிரிழைதான். எனக்குத் தெரிந்தது. அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தது. பேனாவை விரல்களுக்குள் உருட்டித் திருப்பினார். வெறும் பிளாஸ்டிக் முனை தாளுக்கு மேலே நின்றது. கை தாளின் ஓரத்துக்கு நகர்ந்தது. கசக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

தாளை அவர் நேராக்கினார். மேஜையின் விளிம்புக்கு இணையாக வைத்தார். அதிகாரி பக்கம் தள்ளினார்.

"போதும்," என்றார்.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, 'ஆமாம்', 'இல்லை' தாண்டி சார் சொன்ன முதல் சொல் அது என்றும் தெரியாது; தாளை வாங்கி உறையில் போட்டுக்கொண்டார். எப்போதும் சாருக்கும் சேர்த்துப் பேசுகிற பார்வதி மாமி முன்னால் வந்தார். மை டப்பாவின் மூடியைத் தானே அழுத்தி மூடி, அதிகாரியின் பையில் வைத்தார்.